ராகம் தெரியாதவள் கேட்ட இசைத்தட்டுக்கள்

பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? சங்கீத ஆசிரியருக்கு இருக்கிறது. பத்திரிகையில் விமர்சனம் எழுதுபவருக்கு இருக்கிறது. சந்திக் கடையில் தேநீர் குடித்தபடி இளையராஜாவா ரஹ்மானா என்று மணிக்கணக்கில் வாதிடும் ஆண்களுக்கும் இருக்கிறது. அடுப்படியில் நின்றுகொண்டு அதே பாட்டுக்களை முப்பது வருடமாகக் கேட்டு வரும் பெண்ணிடம் மட்டும் "உனக்கு எது பிடிக்கும், ஏன் பிடிக்கும்?" என்று எவரும் கேட்பதில்லை.

நான் சங்கீதம் படித்தவள் அல்ல. பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். ராகத்தின் பெயர் கேட்டால் விழிப்பேன். ஆனாலும் சில மாதங்களாக, திம்புள்ளப் பகுதியில் நாங்கள் நடத்தும் தையல் வகுப்பு முடிந்த கையோடு, சிறந்தவை என்று உலகம் பேசுகின்ற இசைத்தட்டுக்களை ஒவ்வொன்றாக, முழுமையாகக் கேட்டு வருகிறோம். தேவைப்பட்டது ஒரு போனும் சிறிய ஸ்பீக்கர் ஒன்றும் மட்டுமே. வருபவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். கொழுந்து பறிப்பவர்கள் இருக்கிறார்கள். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். 1977 கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் பிறந்து, போரில் அங்கும் எல்லாவற்றையும் இழந்து, மறுபடி இங்குள்ள உறவினரிடம் வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

தனிப்பாட்டை விட்டு முழு இசைத்தட்டையும் ஏன் கேட்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். 1948இல் அமெரிக்காவில் நீண்டநேர இசைத்தட்டு சந்தைக்கு வந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பதிய முடிந்ததால், பல பாட்டுக்களை ஓர் ஒழுங்கில் அடுக்கி ஒரே படைப்பாகத் தரும் வழக்கம் வலுப்பெற்றது. எங்கள் வீடுகளுக்கு அது ஒலிநாடாவாகவே வந்தது. நாடா சிக்கினால் பேனையை விட்டுச் சுற்றுவோம். தொண்ணூறுகளில் வடக்கில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி டைனமோவில் வானொலி கேட்டதை அங்கிருந்த சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். பாட்டின் நடுவில் சுற்றுபவர் களைத்துவிட்டால் பாடகரும் களைத்துவிடுவார்.

முழுவதும் கேட்க நாற்பது நிமிடம் வேண்டும். தொடர்ந்தாற்போல் நாற்பது நிமிடம் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை இந்த வகுப்பில்தான் கணக்குப் பார்த்தோம். முதல் மாதத்தில் யாராவது ஒருவர் எழுந்து ஓடாமல் ஒரு இசைத்தட்டும் முடியவில்லை. பிள்ளை பாடசாலை விட்டு வரும், பீலியில் தண்ணீர் வரும், மாமியார் கூப்பிடுவார்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினோம். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வெங்கடேச சுப்ரபாதம், 1963இல் பதிவானது. அதன் உரிமைப் பணத்தை அவர் திருப்பதி தேவஸ்தானத்துக்கே கொடுத்துவிட்டார். இதை நாங்கள் இதுவரை கேட்டோம் என்று சொல்வதை விட, இது ஒலிக்கும்போது வேலை செய்தோம் என்பதே சரி. கோயில் ஒலிபெருக்கியில் இது தொடங்கும் நேரம் லயத்துப் பெண் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருப்பாள். உட்கார்ந்து கேட்பது இதுதான் முதல் தடவை என்று பலர் சொன்னார்கள். உட்கார்ந்து கேட்டபோது எனக்குப் பட்டது, அந்தக் குரல் எங்கும் தன்னைக் காட்டிக்கொள்ள முயலவில்லை என்பதுதான். ஒலிபெருக்கியின் இரைச்சலில் அது தெரிவதேயில்லை. "சாமிய எழுப்பப் பாட்டிருக்கு, நம்மள எழுப்பக் குளிர்தான் இருக்கு" என்று ஓர் அக்கா சொல்ல எல்லோரும் சிரித்தோம்.

"ரோஜா" 1992இல் வந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் முதல் படம். 2005இல் அமெரிக்காவின் டைம் சஞ்சிகை உலகின் சிறந்த பத்துத் திரையிசைகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. மின்மினி பாடிய பாட்டில் ஒரு கிராமத்துப் பெண் தன் சின்னச் சின்ன விருப்பங்களை எண்ணிக்கொண்டே போகிறாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதனால்தான் அது இன்னும் பழசாகவில்லை என்பது என் எண்ணம். படத்தின் கதை வேறு. ஆயுதக் குழு கொண்டுபோன கணவனைத் தேடி ஒரு பெண் அதிகாரிகளின் வாசல்களில் நிற்கிறாள். எங்கள் வகுப்பில் அப்படி நின்றவர்கள் உண்டு. "அவளுக்குக் கடைசியில கிடைச்சிட்டான்" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். பாட்டுக்களை நான் படத்தை விட மேலாக மதிக்கிறேன். ஒரு பாட்டை மட்டும் எப்போதும் தாண்டிப் போய்விடுவேன், எது என்று கேட்டவர்களுக்கே தெரியும்.

இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு இசைத்தட்டில் பாட்டே கிடையாது, வாத்தியம் மட்டும்தான். "இதற்கு என்ன பெயர் வைப்பது" என்பதே தலைப்பின் பொருள். தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக் என்ற மேதைக்கும் சமர்ப்பணம் செய்திருக்கிறார். வயலின்கள் ஒன்றை ஒன்று துரத்தும் இடங்களில் நான் கைவேலையை விட்டுவிட்டுக் கேட்டேன். நடுவில் சில இடங்களில் மனம் வீட்டுக்குப் போய்விட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2005இல் அவர் ஹங்கேரியின் வாத்தியக் குழுவோடு செய்த "திருவாசகம்" பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஓதுவார் பாடக் கேட்டு வளர்ந்த அம்மா ஒருவர், மாணிக்கவாசகர் தனியாக இருந்து அழுத அழுகைக்கு இத்தனை பேர் எதற்கு என்று கேட்டார். இளம் பெண்கள், இப்படி வந்ததால்தான் திருவாசகத்தை முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டோம் என்றார்கள். நான் பாதி அம்மாவின் பக்கம்.

சிங்களப் பாடகி நந்தா மாலினியின் "பவன" பாட்டுக்கள் 1987இல் வந்தவை. அரச வானொலியில் அவற்றை ஒலிபரப்பத் தடை விதிக்கப்பட்டது. தெற்கிலும் பிள்ளைகளைக் கொண்டுபோன காலம் அது. சொற்களில் பாதிதான் எங்களுக்கு விளங்கியது. ஆனால் கோபத்தைச் சத்தம் போடாமலே பாட முடியும் என்பது மொழி தெரியாமலே விளங்கியது. தெற்கில் ஒரு தாய் இதைக் கேட்டபடி யாரை நினைத்திருப்பாள் என்று பேச்சு வந்தபோது கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.

பிறநாட்டு இசைக்கு வந்தபோது சில விரைவாகக் கடந்துபோயின. மைல்ஸ் டேவிஸ் என்ற எக்காளக் கலைஞர் 1959இல் இரண்டே நாள் பதிவில் முடித்த ஜாஸ் இசைத்தட்டு தைக்கும்போது கேட்க மிக நல்லது, அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 1971 ஆகஸ்ட் 1ஆம் திகதி நியூயோர்க்கில், பங்களாதேஷ் அகதிகளுக்காக ரவிசங்கரும் ஜோர்ஜ் ஹரிசனும் நடத்திய கச்சேரி மூன்று தட்டுக்களாக வந்தது. சுருதி சேர்த்ததற்கே சபை கைதட்ட, இதையே இப்படி ரசித்தால் இனி வாசிப்பதை இன்னும் ரசிப்பீர்கள் என்ற பொருளில் ரவிசங்கர் சொல்கிறார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. திரட்டிய பணத்தில் பெரும் பகுதி வரித் தகராறில் பல வருடம் முடங்கிக் கிடந்தது என்று நான் சொன்னபோது எவரும் ஆச்சரியப்படவில்லை. நிவாரணம் வந்து சேரும் வேகம் இங்கு எல்லோருக்கும் தெரியும்.

லெபனானில் வேலை செய்த சகோதரி ஒருவர் பைரூஸ் வேண்டும் என்று கேட்டார். அவர் வேலை செய்த வீட்டில் காலையில் கோப்பி வைக்கும் நேரமெல்லாம் பைரூஸின் குரல்தானாம். 1975 முதல் 1990 வரை அந்த நாட்டில் உள்நாட்டுப் போர். பைரூஸ் நாட்டை விட்டுப் போகவில்லை, எந்தத் தரப்பின் பாடகியாகவும் ஆகவில்லை. போரின் நடுவே, 1979இல் வந்த இசைத்தட்டைப் போட்டோம். அதில் ஒரு பஸ் பயணப் பாட்டு இருக்கிறது. ஒருவர் கீரை தின்கிறார், ஒருவர் அத்திப்பழம் தின்கிறார், வெக்கை தாங்க முடியவில்லை. அந்தச் சகோதரி அரபுச் சொற்களை ஒவ்வொன்றாக எங்களுக்கு விளக்கினார். வீட்டு வேலைக்குப் போய் வந்தவர் என்று மட்டும் ஊரார் அறிந்த ஒருவர் அன்று எங்களுக்கு ஆசிரியராக இருந்தார். இதுவரை கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மாயா என்ற எம்.ஐ.ஏ. சிறு வயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, அகதியாக லண்டன் போனவர். 2007இல் வந்த "கலா" இசைத்தட்டுக்குத் தன் தாயாரின் பெயரையே வைத்தார். தாயார் அங்கு தையல் வேலை செய்தவர் என்றதும் வகுப்பில் மதிப்புக் கூடியது. சென்னையில் உறுமிக்காரர்களை வைத்துப் பதிவுசெய்த பாட்டு வந்தபோது, தப்பும் உறுமியும் கேட்டு வளர்ந்த எங்கள் பிள்ளைகள் எழுந்தே விட்டார்கள். பெரியவர்கள் தலைவலி என்றார்கள். எனக்கு அந்த ஒரு பாட்டுப் போதும்.

"பாபிலோன் ஆறுகள்" என்ற பாட்டைப் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் கேட்காதவர்கள் குறைவு. பொனி எம் குழு 1978இல் உலகமெங்கும் பரப்பியது. முதலில் 1970இல் அதைப் பாடியவர்கள் ஜமெய்க்காக்காரர்கள், கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர். சொற்கள் வேதாகமத்தின் 137ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தவை. ஊரை இழந்து சிறைப்பட்டவர்களிடம், பிடித்துக்கொண்டு போனவர்களே பாடும்படி கேட்கிறார்கள், அவர்களால் பாட முடியவில்லை. இவ்வளவு துயரமான விடயத்துக்கு இத்தனை காலமும் ஆடியிருக்கிறோமே என்று ஒருவர் கன்னத்தில் கை வைத்தார். ஆடியதில் பிழையில்லை என்பதே என் கருத்து. ஜமெய்க்காக்காரர்களும் ஆடத்தான் செய்தார்கள்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முல்லைத்தீவிலிருந்து வந்த அம்மா அவர். 2009க்குப் பிறகு மகனைப் பற்றித் தகவல் இல்லை. அன்றிலிருந்து அவர் வானொலி போட்டதில்லை. நாங்கள் கேட்கும்போது எழுந்து போக மாட்டார், ஆனால் தையல் இயந்திரத்தை நிறுத்தவும் மாட்டார். அந்தச் சத்தத்துக்குள் பாட்டு அவருக்குக் கேட்காது.

எங்கள் சடங்குகள் துக்கத்துக்கு ஓர் எல்லை போட்டுத் தருகின்றன. வடக்கில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, மலையகத்தில் பதினாறாம் நாள் கருமாதி, பிறகு வருடத் திதி. அதற்குப் பின் வீட்டில் பாட்டுப் போடலாம், நிறச் சேலை உடுத்தலாம். காணாமற்போனவருக்கு இந்த நாட்கள் எதுவும் இல்லை. துக்கம் தொடங்கிய நாளே இல்லாதபோது முடிகிற நாளை எங்கிருந்து எண்ணுவது? அதோடு ஊர் வாயும் சேர்ந்துகொள்கிறது. "மகனைத் தொலைச்சிட்டுப் பாட்டுக் கேக்குறா" என்று அவரைப் பற்றி ஒரு தடவை யாரோ சொல்லியிருக்கிறார்கள். சகோதரனைப் பறிகொடுத்த ஆண் கடையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டால் யாரும் கணக்கெடுப்பதில்லை. பெண்ணின் கண்ணீரை மட்டுமல்ல, அவள் காதையும் ஊர் காவல் காக்கிறது. இதைக் கொடுமை என்றே நான் சொல்வேன்.

போலந்து நாட்டவரான ஹென்ரிக் கொரெட்ஸ்கி 1976இல் எழுதிய மூன்றாவது சிம்பொனிக்கு "துயரப் பாடல்களின் சிம்பொனி" என்று பெயர். 1992இல் டோன் அப்ஷோ என்ற பாடகியின் குரலில் வெளிவந்த பதிவு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் மூன்று பகுதிகள். முதலாவது, சிலுவையில் தொங்கும் மகனிடம் மரியாள் புலம்புவது. இரண்டாவது, 1944இல் நாசிகளின் சிறைச் சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி தன் தாய்க்கு எழுதிவிட்டுப் போன சில வரிகள். மூன்றாவது நாட்டுப்பாடல். கிளர்ச்சியில் இறந்துபோன மகனின் உடலைக்கூடக் காணாத தாய், அவன் எங்கே கிடக்கிறானோ என்று பாடுகிறாள்.

அன்று நல்ல மழை. தொடக்கத்தில் அடித்தொண்டையில் உறுமும் பெரிய வயலின்கள் தகரக் கூரையின் சத்தத்தில் கேட்கவேயில்லை, ஸ்பீக்கர் பழுது என்று நினைத்தோம். பத்து நிமிடத்துக்கு மேல் குரலே வராது. பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிவராது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அதன் பொருளை வாசித்துச் சொன்னேன். மூன்றாவது பகுதியின் பொருளை வாசித்து முடித்தபோது அந்த அம்மாவின் இயந்திரம் நின்றுவிட்டது. முடியும்வரை அப்படியே இருந்தார்.

பிறகு சொன்னார்: "நம்ம ஒப்பாரி மாதிரித்தான் இருக்கு பிள்ளை. ஆனா அவ பேரைச் சொல்லவேயில்லையே. பேர் சொல்லாம எப்பிடி அழுறது?"

எனக்குத் தெரிந்தவரை அந்த இசைத்தட்டைப் பற்றி இதை விடச் சரியான விமர்சனம் இல்லை. எங்கள் ஒப்பாரியில் பெயர் வரும், முறை வரும், அவன் உடுத்திய சட்டையின் நிறம் வரும். அந்த நாட்டில் ஒரு தாயின் புலம்பல் சிம்பொனியாகி உலகம் சுற்றியது. எங்களது லயத்து வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஒப்பாரி தெரிந்த மூவர் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சம்மதித்தால் போனிலாவது பதிவு செய்து வைக்க எண்ணியிருக்கிறோம். ஒருவர் சம்மதித்திருக்கிறார். மற்ற இருவரும், வீட்டில் சாவில்லாத நாளில் ஒப்பாரி பாடுவது ஆகாது என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இரண்டு கிழமைக்குப் பின் அந்த அம்மா தானாகவே ஒன்று கேட்டார். ஏ.ஈ. மனோகரனின் "சுராங்கனி" இருக்கிறதா என்று. மகன் சின்ன வயதில் அதற்கு ஆடுவானாம். மனோகரனின் இசைத்தட்டு எதுவும் முழுமையாக எங்களிடம் இல்லை, போனில் நான்கு பாட்டுக்கள் இருந்தன. "சத்தத்தைக் குறைச்சுப் போடுங்க, வெளிய கேக்கும்" என்றார். குறைத்துத்தான் போட்டோம். இரண்டாவது பாட்டில், சரியாகக் கேட்கவில்லை என்று அவரே எழுந்து வந்து கூட்டினார். அன்று மழையும் இருக்கவில்லை, பக்கத்து லயம் வரைக்கும் கேட்டிருக்கும்.