கோடி ரூபாய் ஸ்பீக்கரும் இலவம்பஞ்சு மெத்தையும்: தெரியுமா?

பிரான்சில் சேன் எத்தியேன் நகரத்து ஃபோக்கல் நிறுவனம் செய்யும் 'கிராண்ட் உட்டோப்பியா' ஸ்பீக்கரின் எடை தெரியுமா? 265 கிலோ! அதுவும் ஒற்றை ஸ்பீக்கர். உயரம் நம் வீட்டு ஸ்டீல் பீரோ அளவு, இரண்டு மீட்டர். ஜோடியாக வாங்கினால் கோடி ரூபாயைத் தாண்டும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்காரன் நான். இப்படி ஒன்றைப் படத்தில் பார்த்தாலே, "இதில் இளையராஜா பாட்டு எப்படி இருக்கும்!" என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஆனால் விலை ஏற ஏற ஒலியும் ஏறுமா?

2017-ல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, தாழ்ந்த சுருதி முதல் உச்ச சுருதி வரை ஒவ்வொன்றும் எதை எவ்வளவு தூக்கித் தருகிறது என்று பார்த்தார். அதற்கும் விலைக்கும் தொடர்பே இல்லை! ஆம்ப்ளிஃபயர் கதையும் இதேதான். 1987-ல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் 220 டாலர் கருவியையும் 12,000 டாலர் கருவியையும் மறைத்து வைத்துக் கேட்கச் சொன்னது. கேட்டவர்களால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒயருக்கு வாருங்கள். 2007-ல் 12 அடி ஸ்பீக்கர் ஒயர் ஜோடி ஒன்று 7,250 டாலருக்கு விற்றது! கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் அதைக் கண்டுபிடித்தால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்றார் மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி. அந்தப் பரிசு கடைசிவரை யார் கைக்கும் போகவில்லை. வீட்டு வயரிங்குக்கு எலக்ட்ரீஷியன் இழுக்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரையே மூன்று மீட்டருக்குப் போட்டுக் கணக்குப் பாருங்கள். போக வர ஆறு மீட்டர்; அதன் மின்தடை ஏறக்குறைய 0.04 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். இழப்பு அரை சதவீதம். எந்தக் காதுக்கும் எட்டாது!

கடையில் மட்டும் விலை கூடியது ஏன் இனிக்கிறது? இரண்டில் ஒன்று கொஞ்சம் சத்தமாக ஒலித்தால் போதும். நாம் அதைச் சத்தம் என்று உணர மாட்டோம். "தெளிவாக இருக்கிறது" என்றுதான் சொல்வோம். ஏமாறுவது யாரோ ஒருவர் இல்லை, மனிதக் காது எல்லாமே அப்படித்தான்.

இனி வருவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்: ஒலியை மாற்றுவது கருவி மட்டுமில்லை, அறையும்தான். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புது விரிவுரைக் கூடம் கட்டினார்கள். பேசிய சொல் ஐந்து விநாடிக்கும் மேல் சுவரில் மோதிச் சுற்றியது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து பரப்பினார்! மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. அதை அளந்து அளந்துதான் அரங்க ஒலியியலின் அடிப்படைச் சூத்திரமே பிறந்தது.

நம் புதுச்சேரிப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். உயர்ந்த கூரை, வழவழவென்ற சுண்ணாம்புச் சுவர், ஓடு பதித்த தரை, வெற்று ஜன்னல். என் கூடத்தில் நின்று ஒருமுறை கைதட்டினால் "ஞொய்ங்" என்று இழுக்கும். மூலையில் ஒட்டி வைத்திருந்த ஸ்பீக்கரை இரண்டடி முன்னால் நகர்த்தினேன். எதிர்ச் சுவரில் பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து நிறுத்தினேன். தவிலும் பேஸ் கிட்டாரும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்த பாட்டில் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து வந்து நின்றன. ஒரு பைசா செலவில்லை!

அதற்காகப் பணமே வீண் என்று சொல்ல மாட்டேன். ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் காசு ஒரு அளவுவரை காதுக்குத் தெரியும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை எட்டரை மீட்டர் நீளம். அவ்வளவு தாழ்ந்த சுருதிக்கு நிறையக் காற்றை அசைக்கப் பெரிய கோனும் கனமான பெட்டியும் வேண்டும். அந்த அளவைத் தாண்டியபின் நீங்கள் வாங்குவது மரவேலையும் மெருகும் பெயரும். அழகுக்குக் கொடுப்பதும் தப்பில்லை, அழகுக்கு என்று தெரிந்து கொடுத்தால்.

நம் ஊருக்கென்று ஒன்று: ஈரக்காற்று. அது ஸ்பீக்கரின் ஃபோமை அரிக்கும். மகாத்மா காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்பீக்கர் எடுத்தால், கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், கோன் வேலைக்குக் காசு ஆகும். ரப்பர் வளையம் என்றால் நீண்ட நாள் உழைக்கும்.

புதுசு வாங்கப் போகிறீர்களா? உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைக் கொண்டுபோங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே சத்தத்தில் வைத்து, நீங்கள் கண்ணை மூடியிருக்கும்போது மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால், இன்று சாயங்காலமே, உங்கள் கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்!