கிரகணக் கணக்கும் முகிலின் போக்கும்

பஞ்சாங்கத்தைப் புரட்டுவோர் இரண்டு வகைச் செய்திகளை அதிற் காண்பர். ஒன்று, அவ்வாண்டில் நிகழும் கிரகணங்களின் நாளும் நாழிகையும். மற்றொன்று, அவ்வாண்டின் மழை பற்றிய பலன். முன்னது பெரும்பாலும் பொய்ப்பதில்லை. பின்னது மெய்ப்பதும் உண்டு, பொய்ப்பதும் உண்டு. ஒரே நூலில் அச்சாகின்றன என்பதால் இரண்டும் ஒரே தன்மையன என்று கொள்ளலாகாது. சூரிய கிரகணத்தைக் காண நெடுந்தூரம் பயணம் செய்ய எண்ணுவோர் முதலில் தெளிய வேண்டிய உண்மை இதுவே.

சூரியன், சந்திரன், பூமி ஆகிய மூன்றும் தடையற்ற வெளியில் இயங்குவன. அவற்றின் இயக்கம் ஈர்ப்பு விதிக்கு அடங்கியது. ஆதலால் நூறாண்டுகளுக்குப் பின்னர் நிகழும் கிரகணத்தையும் இன்றே கணித்துவிடலாம். 1825ஆம் ஆண்டில் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், ஏடும் எழுத்தாணியும் இன்றி, நிலத்திற் சோழிகளைப் பரப்பியே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அதனை நேரிற் கண்ட ஜோன் வாரன் என்பார் தமது நூலிற் பதிவு செய்துள்ளார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்குப் பிழைத்தது நான்கு நிமிடமே.

முகிலின் போக்கு அத்தகையதன்று. கடலின் வெப்பம், நிலத்தின் சூடு, காற்றின் ஈரம், மலையின் தடை ஆகிய பலவும் கூடி முகிலை ஆக்குகின்றன, அழிக்கின்றன. தொடக்கத்தில் நேர்ந்த சிறு வேறுபாடு சில நாட்களிற் பெரிதாகி வளர்ந்துவிடும். எனவே ஒரு குறிப்பிட்ட ஊரின் மேல் ஒரு குறிப்பிட்ட மணியில் முகில் நிற்குமா என்பதை ஒரு மாதத்துக்கு முன்னர் எவராலும் கூறவியலாது. ஆனால் பயணத்துக்கான சீட்டும் தங்குமிடமும் பல மாதங்களுக்கு முன்னரே தேட வேண்டியவை. இந்த இடைவெளியே கிரகணப் பயணிகளின் இடர்ப்பாடு.

இவ்விடர்ப்பாட்டை அறிவியலாளர் பெரும் பொருள் கொடுத்தே கற்றனர். 1870 டிசம்பரில் மத்தியதரைக் கடற் பகுதியில் ஒரு பூரண கிரகணம் நிகழ்ந்தது. அதனைக் காண நோர்மன் லொக்கியர் தலைமையில் ஆங்கிலேயக் குழு சிசிலித் தீவுக்குச் சென்றது. அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல் பாறையில் மோதியது. தப்பிச் சென்றோரையும் முகில் ஏமாற்றியது. லொக்கியர் கண்டது ஒன்றிரண்டு விநாடிக் காட்சியே. பிரான்சு நாட்டு ஜான்சன் என்னும் அறிஞரோ, பகைவர் முற்றுகையிட்டிருந்த பாரிஸ் நகரிலிருந்து பலூன் ஏறித் தப்பி, அல்ஜீரியாவின் ஓரான் நகரை அடைந்தார். முற்றுகையைக் கடந்த அவரால் முகிலைக் கடக்க இயலவில்லை.

அடுத்த வாய்ப்பு ஓராண்டிலேயே வந்தது. 1871 டிசம்பர் 12ஆம் நாள் சந்திரனின் நிழல் தென்னிந்தியாவைக் குறுக்கே கடந்து இலங்கையின் வடபகுதியின் மீது சென்றது. இம்முறை லொக்கியர் ஒரே இடத்தை நம்பியிருக்கவில்லை. மிர்சாபூர் என்னும் நீராவிக் கப்பலிற் காலித் துறைமுகம் வந்து சேர்ந்த அவரது குழுவினர் பல பிரிவுகளாகப் பிரிந்தனர். லொக்கியர் மலையாளக் கரையிலுள்ள பேக்கல் கோட்டையில் தங்கினார். இத்தாலிய அறிஞர் ரெஸ்பீகி புதுக்கோட்டைக்குச் சென்றார். மோஸ்லி திருகோணமலையில் நின்றார். யாழ்ப்பாணத்தில் இலங்கை நில அளவைத் தலைவர் கப்டன் ஃபையர்ஸ் முதலானோர் கருவிகளை நிறுத்தினர். தனியே வந்த ஜான்சன் நீலகிரியிற் சோலூர் என்னும் சிற்றூரைத் தெரிந்துகொண்டார். ஓரிடத்தை முகில் மறைப்பினும் மற்றோரிடம் தெளிந்திருக்கும் என்பதே இவ்வேற்பாட்டின் பயன்.

டிசம்பர் மாதம் யாழ்ப்பாணத்துக்கு மழைக்காலம். குடாநாட்டின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றோடு வந்து பெய்வது. ஆயினும் அன்று காலை வானம் கைவிடவில்லை. இரண்டு நிமிடத்துக்குச் சற்றே மேற்பட்ட அந்த இருளில், சூரியனைச் சூழ்ந்த ஒளிமகுடத்தை யாழ்ப்பாணத்தில் நின்றோர் ஆராய்ந்தனர். ஒளிமகுடம் சூரியனுக்கே உரியதா, அன்றி நமது வளிமண்டலத்தில் தோன்றும் மயக்கமா என்ற ஐயம் அக்காலத்தில் முற்றும் தீர்ந்திருக்கவில்லை. அது சூரியனுக்கே உரியது என்பதை உறுதிப்படுத்திய சான்றுகளுள் அன்று குடாநாட்டில் எடுத்த குறிப்புகளும் அடங்கும்.

இதற்கு மாறான கதை 1955ஆம் ஆண்டினது. அவ்வாண்டு ஜூன் 20ஆம் நாள் நிகழ்ந்தது இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட பூரண கிரகணம். பிலிப்பைன்ஸ் தீவுகளையடுத்து அது 7 நிமிடமும் 8 விநாடியும் நீடித்தது. இலங்கையில் ஏறத்தாழ நான்கு நிமிடம். நிழற்பாதை பொலன்னறுவைப் பகுதி வழியாகச் சென்றது. யாழ்ப்பாணம் அதற்கு வடக்கே எஞ்சியதால் அங்குப் பகுதிக் கிரகணமே தெரிந்தது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மத்திய மலைநாடு தடுத்துக்கொள்ளும். அதற்கு அப்பாலுள்ள உலர்வலயம் வறண்டிருக்கும். இதனை நன்கு ஆராய்ந்தே பல நாட்டு வானியற் குழுக்கள் பொலன்னறுவை, இங்குராக்கொடை முதலிய இடங்களில் முகாமிட்டன. எனினும் கிரகண வேளையில் முகில் திரண்டு அவர்களிற் பெரும்பாலோரின் மாதக்கணக்கான உழைப்பை வீணாக்கியது.

மழைக்காலத்து யாழ்ப்பாணம் காட்சி தந்தது. வறண்ட காலத்துப் பொலன்னறுவை மறைத்தது. இதனாற் பருவகாலக் கணக்குப் பயனற்றது என்று முடிவு கட்டலாகாது. பத்து ஆண்டுகளில் ஏழு ஆண்டு வானம் தெளிந்திருக்கும் இடமே மூன்று ஆண்டு தெளியும் இடத்தினும் மேலானது. ஆயினும் எஞ்சிய மூன்றாண்டுகளுள் ஒன்றாக அந்நாள் அமையக்கூடும். சராசரி என்பது இடத்தைத் தெரிவதற்கு உதவும். அந்நாளின் வானத்துக்கு அது பிணை நிற்காது.

பூமியில் ஏதேனும் ஓரிடத்தை எடுத்துக்கொண்டால், அங்குப் பூரண சூரிய கிரகணம் சராசரியாக 375 ஆண்டுகளுக்கு ஒருமுறையே நிகழும். சந்திரன் தொலைவில் நின்று சூரியனை முழுதும் மறைக்க மாட்டாது, விளிம்பை வளையமாக விட்டுவைக்கும் கங்கண கிரகணமும் ஓரிடத்துக்கு அடிக்கடி வருவதன்று. ஆயினும் யாழ்ப்பாணத்துக்கு அண்மையில் ஒரு பேறு கிட்டியுள்ளது. 2010 ஜனவரி 15ஆம் நாள், இவ்வாயிரமாண்டின் மிக நீண்ட கங்கண கிரகணம் தனுஷ்கோடியையும் யாழ்ப்பாணத்தையும் கடந்து சென்றது. போர் முடிந்து எட்டு மாதமே ஆகியிருந்த குடாநாட்டின் மேல் அவ்வொளிவளையம் ஏறத்தாழப் பத்து நிமிடம் நின்றது. 2019 டிசம்பர் 26ஆம் நாட் காலையில் மீண்டும் ஒரு வளையம், ஏறத்தாழ மூன்று நிமிடம். அதே காலையிற் கேரளத்தின் செறுவத்தூர்க் கரையிற் கூடியோர் வளையத்தைத் தெளிவாகக் கண்டனர். வயநாட்டு மலையிற் கூடியோரை முகில் ஏமாற்றியது. ஒரே காலை, ஒரே கிரகணம், வேறு வேறு வானம்.

மூன்றாவது வாய்ப்பு 2031 மே 21ஆம் நாள் வருகின்றது. கொச்சி, மதுரை ஆகிய ஊர்களைக் கடக்கும் நிழற்பாதை யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீதும் செல்லும். நண்பகலைத் தாண்டிய வேளையில், ஏறத்தாழ ஐந்து நிமிடம், ஒளிவளையம் தோன்றும். இந்நாளுக்குத் திட்டமிடுவோர் முகிலைப் பற்றி என்ன கருதலாம்?

அந்நாள் சோளகக் காற்றின் தொடக்கக் காலம். குடாநாடு மலையற்ற சமநிலம். காற்றை மேலெழுப்பி முகிலாக்கும் குன்று அங்கில்லை. தென்மேற்கு மழையும் அங்கு மிகக் குறைவு. கதிரவன் உச்சிக்கு அண்மையில் நிற்பதும் நன்மையே. தாழ்ந்த கதிரவனைப் பார்க்கும்போது கண்ணுக்கும் அதற்கும் இடையே பல முகில்கள் அடுக்காக வரும், உச்சியை நோக்கும்போது அவ்வடுக்குக் குறையும். மேலும், சூரியன் மறையத் தொடங்கியதும் நிலம் குளிர்வதால், நிலச்சூட்டில் எழுந்த சிறு முகில்கள் பல கலைந்துபோவதும் உண்டு. இவை சாதகங்கள். பாதகம் ஒன்றுண்டு. மே நடுப்பகுதியில் வங்கக் கடலில் தாழமுக்கம் தோன்றினால் நாடெங்கும் வானம் மூடிவிடும். 2016 மே மாதத்தில் ரோணு புயலாக வளர்ந்த தாழமுக்கம் இலங்கையிற் பெருமழையையும் மண்சரிவையும் விளைத்ததை மக்கள் மறந்திலர்.

ஆகவே வானிலைச் செய்தியை மூன்று கட்டங்களாகப் பயன்படுத்துதல் வேண்டும். ஆண்டுகளுக்கு முன்னர் நோக்க வேண்டியது பருவகாலச் சராசரி; அது மாவட்டத்தைத் தெரிய உதவும். ஒரு வாரம் இருக்கும்போது வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பைக் கேட்க வேண்டும். தாழமுக்கம் வருமா வராதா என்பது அப்போது ஓரளவு புலப்படும். முதல் நாள் இரவும் அன்று காலையும் செயற்கைக்கோட் படங்களை நோக்க வேண்டும். முகிற்கூட்டம் எத்திசை நகர்கின்றது என்பதை அவை காட்டும். கடைசிக் கட்டத்தில் அறிவதைக்கொண்டு இடம் பெயரக் கூடியவரே முன்னறிவிப்பின் முழுப்பயனையும் பெறுவர்.

இங்கேதான் பயணத் திட்டம் முகிலோடு தொடர்புறுகின்றது. குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்குச் சென்றவர் அங்கு முகில் சூழ்ந்தால் வேறிடம் செல்லவியலாது. படகின் நேரமே அவர் நேரம். யாழ்ப்பாண நகரையடுத்துத் தங்கியவருக்கு வடக்கே பருத்தித்துறைக் கரை, கிழக்கே ஆனையிறவு வழியாகக் கண்டி வீதி, தெற்கே 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தின் வழியாகப் பூநகரி என மூன்று திசைகள் திறந்திருக்கும். பாதையின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் கொள்வதினும், சில விநாடிகளை இழந்தாலும் வீதி வசதியுள்ள இடத்தில் நிற்பதே அறிவுடைமை. கொழும்பிலிருந்து வருவோர் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடக்க வேண்டும். அன்று காலையிற் புறப்பட்டு நண்பகலில் வந்து சேரலாம் என்று எண்ணுதல் தகாது. முதல் நாளே வந்து தங்குவோர்க்குத்தான் காலையில் இடம் மாறும் உரிமை கிட்டும்.

ஒன்றை மட்டும் எந்த வானிலையிலும் மாற்றலாகாது. கங்கண கிரகணத்திற் சூரியன் ஒரு கணமும் முழுதாக மறைவதில்லை. ஆதலால் தொடக்கம் முதல் முடிவு வரை அதற்கெனச் செய்த வடிகண்ணாடி இன்றிப் பார்த்தல் கூடாது. மெல்லிய முகில் ஒளியைத் தணித்துக் காட்டும் வேளையிலும் இவ்விதி தளராது. கண்ணாடி கிட்டாதவர் அட்டையில் ஊசித்துளையிட்டு நிலத்தில் விழும் பிம்பத்தைக் காணலாம். வேம்பின் இலைகளுக்கிடையே விழும் வெயிற்புள்ளிகள்கூட அன்று சின்னஞ்சிறு வளையங்களாகத் தோன்றும்.

கிரகணத்தின் நாள் நம்மைக் கேட்டு அமைவதன்று. முகிலும் நம் சொற்கேளாது. நம் கையில் எஞ்சியிருப்பது நிற்கும் இடம் ஒன்றே. அதனைக் கடைசி மணிவரை மாற்றக்கூடியதாக வைத்திருப்பவருக்கு வளையம் காணும் வாய்ப்பு மிகும்.