மின்னலில் மௌனமாகும் மழைமானிகள்

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்த மீரியபெத்தை தோட்டத்தின் லயன் குடியிருப்புகள் மண்ணில் புதையுண்டதை எமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2016 மே 17 இல் அரநாயக்கவிலும் அதே அவலம் நிகழ்ந்தது. மண்சரிவு குறித்து முன்கூட்டியே மக்களை எச்சரிப்பதற்கு அடிப்படையாக அமைவது மழைவீழ்ச்சியின் அளவேயாகும். 24 மணித்தியாலங்களில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றர் எனில் எச்சரிக்கை, 150 மில்லிமீற்றர் எனில் வெளியேற்றம் என்றவாறே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தனது படிநிலைகளை வகுத்து வந்துள்ளது. ஆகவே, மலைச்சரிவொன்றில் நிற்கும் தன்னியக்க மழைமானி ஓரிரவு செயலிழப்பதென்பது வெறும் இயந்திரக் கோளாறு அன்று.

இத்தகைய கருவிகளைச் செயலிழக்கச் செய்யும் காரணங்களுள் முக்கியமானது மின்னலாகும். எமது நாட்டில் இடியும் மின்னலும் உக்கிரமடைவது மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வரும் இடைப்பருவப் பெயர்ச்சிக் காலங்களின் பிற்பகல்களிலேயே. கருவியின் தகவல் மிக அவசியமாகத் தேவைப்படும் அதே வாரங்களில்தான் அது பழுதடையும் வாய்ப்பும் அதிகமாகின்றது. போதாக்குறைக்கு, காற்றுமானியைத் திறந்த வெளியில் 10 மீற்றர் உயரத்தில் நிறுவ வேண்டுமென்பது உலக வானிலை அமைப்பின் நியமம். மழைமானி நிலத்தருகே இருந்தாலும், அதன் வடமும் காற்றுமானியின் வடமும் ஒரே தரவுப் பதிவுக் கருவியில் வந்து சேர்கின்றன. உயர்ந்த கம்பத்தில் இறங்கும் இடி மழைமானியையும் சேர்த்தே மௌனமாக்கிவிடுகின்றது.

கம்பத்தின் உச்சியில் இடிதாங்கியைப் பொருத்தி, அடியில் ஒரு கம்பியைப் புதைத்துவிட்டால் மின்னல் மண்ணுக்குள் சென்று அடங்கிவிடும் என்பதே பரவலான எண்ணம். இது அரைவாசி உண்மை மாத்திரமே. சாதாரண மின்னல் வீச்சொன்றில் ஏறத்தாழ 30,000 அம்பியர் மின்னோட்டம் பாய்கின்றது. நன்றாக அமைக்கப்பட்ட புவித்தொடுப்பின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பாடசாலையில் கற்ற ஓமின் விதிப்படி பெருக்கிப் பார்த்தால், அக்கணத்தில் கம்பத்தின் அடிப்பாகம் 3 இலட்சம் வோல்ற்றுக்கு உயர்ந்துவிடுகின்றது. சற்றுத் தள்ளியிருக்கும் அறைக்கு வேறொரு புவிக்கம்பி இருந்தால், அது ஏறக்குறைய பழைய நிலையிலேயே இருக்கும். இவ்விரண்டையும் இணைத்து நிற்பது பென்சில் பருமனுள்ள தரவு வடம் மாத்திரமே. மின்சாரம் எவ்வழியாகப் பாயும் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

மின்கம்பியில் அமர்ந்திருக்கும் காகத்திற்கு எத்தீங்கும் நேர்வதில்லை. அதே காகம் இரு கம்பிகளை ஒருங்கே தொட்டால் கருகி விழுகின்றது. அழிவை உண்டாக்குவது உயர்ந்த அழுத்தமன்று, அழுத்த வேறுபாடே. எனவே கம்பம், அறை, மின்வழங்கல், தொலைத்தொடர்பு அன்ரெனா ஆகிய யாவும் தடித்த செப்புக் கம்பியால் ஒரே புவித்தொடுப்புத் தொகுதியுடன் இணைக்கப்பட வேண்டும். மின்னல் விழும்போது அனைத்தும் ஒன்றாக உயர்ந்து ஒன்றாகத் தாழும். நுட்பமான கருவிக்கென்று தனியாக ஒரு 'தூய' புவிக்கம்பி தேவை எனக் கருதிப் பிறிதோர் இடத்தில் புதைப்போர் உளர். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இக்காரியமே கருவிக்கு எமனாகின்றது.

புவித்தொடுப்பே இல்லாதவிடத்து நேர்வது என்ன என்பதை 1753 ஆம் ஆண்டிலேயே உலகம் அறிந்துகொண்டது. சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் ரிச்மன் என்ற விஞ்ஞானி, கூரையில் நாட்டிய இரும்புக் கம்பியைத் தமது அறைக்குள் இருந்த அளவுகருவிக்கு இட்டுவந்து, அதனை நிலத்துடன் தொடுக்காது இடிமுகிலின் மின்னை அளக்க முற்பட்டார். அருகே குனிந்தவரின் நெற்றியில் மின் பாய்ந்து உயிரைப் பறித்தது. வானிலை அளவீட்டின் பொருட்டு மாண்ட அம்மனிதரைப் பற்றி எமது பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை.

கம்பி செல்லும் விதமும் முக்கியமானது. மின்னல் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் பல்லாயிரம் அம்பியர் ஏறுவதால், ஒரு மீற்றர் நேர்க்கம்பியின் இரு முனைகளுக்கிடையிலேயே 10,000 வோல்ற் அளவு தோன்றக்கூடும். ஆகவே புவிக்கம்பி குறுகியதாகவும் நேரானதாகவும் அமைய வேண்டும். மிஞ்சிய கம்பியை அழகாகச் சுருட்டிக் கட்டிவைப்பது, மின்னலுக்குத் தடுப்புச்சுவர் எழுப்பி அதனைக் கருவியின் பக்கம் திருப்பிவிடுவதற்கு ஒப்பானது.

இதற்குப் பின்னரே, 'சேர்ஜ் புரொடெக்டர்' என வழங்கும் மின்னெழுச்சிக் காப்பானின் பங்கு வருகின்றது. நேரடியாக இடி விழாவிடினும், அண்மையில் விழும் மின்னல் நீண்ட வடங்களில் மின்னெழுச்சியைத் தூண்டுவதுண்டு. வாயு நிரப்பிய குழாய் ஆயிரக்கணக்கான அம்பியரைத் தாங்கும், ஆனால் விழித்தெழச் சற்றுத் தாமதிக்கும். அழுத்தத்தை மட்டுப்படுத்தும் இருவாயி கண்ணிமைக்கும் நேரத்தினும் மிக விரைவாகச் செயற்படும், ஆனால் பெருஞ்சுமை தாங்காது. நாக ஒட்சைட்டுக் காப்பான் இரண்டிற்கும் இடைப்பட்டது. வாசலில் குழாயும் கருவியின் அருகே இருவாயியுமாகப் படிப்படியாக இவற்றை அமைப்பதே முறை. நாக ஒட்சைட்டு வகை ஒவ்வோர் அதிர்ச்சியிலும் சிறிது தேய்ந்து, ஒருநாள் சத்தமின்றி மரித்துவிடும். ஆதலால் அதனைக் காலந்தோறும் மாற்றவேண்டும். இவை யாவும் மேற்சொன்ன பொதுப் புவித்தொடுப்புடன் குறுங்கம்பியால் இணைக்கப்படாவிடின் வெறும் அலங்காரமே. சூரியகலமும் மின்கலமும் கொண்டு இயங்கும் நிலையம், மின்சாரக் கம்பி வழியே வரும் எழுச்சியிலிருந்து தப்புகின்றது. தரவை வானொலி அலைமூலமோ கண்ணாடி இழைமூலமோ அனுப்பினால் ஆபத்து மேலும் குறையும்.

எல்லாவற்றிலும் கடினமானது மண். யாழ்ப்பாணத்தில் மெல்லிய செம்மண்ணின் கீழ் சுண்ணாம்புக்கல் இருப்பதால் நீண்ட கோலை இறக்குதல் எளிதன்று. அங்கே அகழி வெட்டி வெற்றுச் செப்புப் பட்டியைப் பல திசைகளில் கிடையாகப் புதைப்பதே உகந்தது. பாறையும் பரலும் நிறைந்த மலையகச் சரிவுகளுக்கும் இது பொருந்தும். புத்தளம், மன்னார் கரையோரங்களிலோ உப்பு மண் மின்னை நன்கு கடத்தும், ஆனால் செம்பும் இரும்பும் கூடும் மூட்டுகளை அரித்துவிடும். குழிக்குள் உப்பையும் கரியையும் கொட்டும் பழைய வழக்கத்தில் உப்பு மழையுடன் கரைந்து செல்வதுடன் கோலையும் தின்றுவிடுகின்றது. ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்ரனைற்றுக் களி அதனிலும் மேலானது.

இவையெல்லாம் பூமிக்கடியில் மறைந்துவிடுவதால் திறப்பு விழாவில் காட்டுவதற்கு எதுவுமில்லை என்பதுதான் சங்கடம். கருவிக்குக் கிடைக்கும் நிதியில் செம்புக்கு மிஞ்சுவது சொற்பமே. புவித்தடையை அளக்க வேண்டியது மழைக்காலத்தில் அன்று, மண் நன்றாகக் காய்ந்திருக்கும் வேளையில். ஒக்டோபர் இடிமுழக்கங்களுக்கு முன்னர், ஓகஸ்ட் செப்டெம்பரில் மூட்டுகளைத் திறந்து துரு சுரண்டிக் காப்பான்களைச் சோதித்தால் போதுமானது. அத்துடன் தோட்டங்களில் காலைதோறும் மழைமானியைக் கையால் அளந்து புத்தகத்தில் குறிக்கும் பழைய வழக்கத்தையும் கைவிடலாகாது. அந்தத் தகரக் குவளையிலும் கண்ணாடிக் குழாயிலும் மின்னல் எரிப்பதற்கு எதுவுமில்லை.