பறக்கும் படகுக்குள் எட்டிப் பார்க்கலாமா?

மடுல்கெல்லயில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். நக்கிள்ஸ் முகடு, தேயிலை, லயம், எல்லாவற்றுக்கும் மேலே மூடுபனி. கடலோடு நமக்கென்ன கொடுக்கல் வாங்கல் என்பீர்கள். இருக்கிறதே! 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போக, பர்மா அரிசி நின்றது; லயத்துக் காம்பராக்களில் கோதுமை மா ரொட்டி அடுப்பேறியது. அந்த ஜப்பானியக் கடற்படை இலங்கையைத் தாக்கவே கிளம்பி வந்தபோது அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு கனடாக்காரர். ஸ்குவாட்ரன் லீடர் லெனார்ட் பேர்ச்சல். வயது 26. தீவுக்கு வந்து இரண்டே நாள்!

வீரக் கதை பிறகு. முதலில் அவருடைய விமானத்துக்குள் நைசாக நுழைந்து பார்ப்போம், வாங்க.

பெயர் கட்டலினா. காலிக்கு அப்பால் கொக்கல வாவியில் மிதந்துகொண்டு நிற்கும். தண்ணீரிலேயே ஓடி, தண்ணீரிலேயே எழும்பி, தண்ணீரிலேயே இறங்கும். உள்ளே குனிந்துதான் போக வேண்டும். அட, படுக்கைகள்! சாப்பாடு சூடாக்கச் சின்ன அடுப்பு வேறு! ஒருமுறை ஏறினால் இருபது மணி நேரம்கூடப் பறக்கக்கூடிய வண்டியில் இதெல்லாம் சொகுசில் சேராது. இறக்கையைத் தாங்கும் தூணுக்குள் ஓர் ஆள் தனியாக உட்கார்ந்திருப்பார். இயந்திரங்களைக் கவனிப்பது அவர் வேலை. விமானியோடு பேச அவருக்குச் சின்ன விளக்குச் சமிக்ஞைகள். பின்பக்கம் இரு புறமும் புடைத்து நிற்கும் கண்ணாடிக் குமிழ்கள். அங்கே உட்கார்ந்தால் கடல் முழுக்க உங்களுடையது. பக்கத்தில் இயந்திரத் துப்பாக்கி இருப்பதை மட்டும் மறந்துவிட வேண்டும்.

ஒரே குறை, வேகம். மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் ஆற அமரத்தான் போகும்.

ஏப்ரல் 4, சனிக்கிழமை. மொத்தம் ஒன்பது பேராக விடியலில் கிளம்பினார்கள். நாள் முழுக்க நீலம், நீலம், வெறும் நீலம். திரும்ப வேண்டிய நேரத்தில் வழிகாட்டி ஒனியெட், நிலவை வைத்து இருக்கும் இடத்தைச் சரியாகக் கணித்துவிடலாம் என்றார். அதற்காக இன்னும் கொஞ்சம் சுற்றினார்கள். அந்தக் கொஞ்சத்தில்தான் தெற்கு அடிவானில் புள்ளிகள் தெரிந்தன. மாலை நான்கு மணி இருக்கும்.

இந்த இடத்தில்தான் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. பேர்ச்சல் திரும்பியிருக்கலாம். ‘கப்பல்கள் தெரிகின்றன’ என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு ஓடியிருந்தால் யார் குறை சொல்வார்கள்? அவர் கிட்டப் போனார். இன்னும் கிட்டப் போனார். எண்ண வேண்டுமே! பேர்ல் ஹாபரை அடித்த ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களில் ஐந்து கீழே நிற்கின்றன. கூடவே பெரும் போர்க்கப்பல்கள். தளபதி நகுமோ.

இருக்கும் இடம், போகும் திசை, வேகம், எத்தனை கப்பல் என்று தந்தி தட்டத் தொடங்கினார்கள். மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. அதற்குள் ஜப்பானியரின் சீரோ போர் விமானங்கள் பாய்ந்து வந்துவிட்டன. மூன்றாம் முறை தட்டிக்கொண்டிருக்கையில் குண்டு பட்டுக் கருவி சிதறியது. அந்த ஆமை வேகப் படகு எங்கே ஓடும்! கடலில் விழுந்தது. விழுந்தவர்களையும் சுட்டார்கள். ஆறு பேர் மட்டும் மிஞ்சி, ஜப்பானிய நாசகாரிக் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். ‘செய்தி அனுப்பவே இல்லை’ என்று அடிக்கு மேல் அடி வாங்கிக்கொண்டு சாதித்தார்கள். கொழும்போ, ‘இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்று வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தது. ஜப்பானியர் அதை ஒட்டுக்கேட்டுவிட்டார்கள். மறுபடி அடி.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்புத் துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது பல கப்பல்கள் ஏற்கெனவே வெளியேறியிருந்தன. குதிரைப் பந்தயத் திடலில் ஒளித்து வைத்திருந்த ஹரிக்கேன் போர் விமானங்களும் மேலெழுந்தன. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முந்தின நாளே எச்சரித்தும், இரத்மலானையில் விமானங்கள் தரையில் இருக்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். தெற்கே கடலில் கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பிரித்தானியக் குரூசர் போர்க்கப்பல்கள் மூழ்கின. 424 பேர் மாண்டார்கள். உயிரைக் கொடுத்து அனுப்பிய செய்தியை முழுதாகப் பயன்படுத்தத் தெரியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

பேர்ச்சல்? ஜப்பானியச் சிறைமுகாம்களில் போர் முடியும்வரை கிடந்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. நோயாளிக் கைதிகளை வேலைக்கு இழுத்தால் ஒருவரும் வேலை செய்யமாட்டோம் என்று மறித்து நின்று, அதற்கும் உதை வாங்கினார். ஊர் திரும்பியவருக்கு ‘இலங்கையின் மீட்பர்’ என்று பட்டப்பெயர். 2004இல், 89 வயதில் காலமானார்.

அவருடைய 413ஆவது படைப்பிரிவு இன்றும் கனடாவின் கிரீன்வுட்டில் இருக்கிறது. ஆபத்தில் சிக்கியவர்களைத் தேடி மீட்பது இப்போது அதன் வேலை. அவர்களுடைய சின்னத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? யானைத் தலை! பெரஹராவில் யானை பார்த்துப் பழகிய கண்டிக்காரர்களே, பனி கொட்டும் ஊரில் நம் கொம்பன்!