கோல்ப் முழங்கையும் தாமிரபரணிக் கரையின் கைகளும்

வியாதிகளுக்கு வாய்க்கும் பெயர்கள் சில சமயங்களில் வெகு வேடிக்கையாக அமைந்துவிடுகின்றன. முழங்கையின் உட்புறத்தில் தோன்றும் ஒருவகை வலிக்கு மேனாட்டு வைத்தியர்கள் 'கோல்ப் ஆட்டக்காரர் முழங்கை' என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையான கோல்ப் கழகம் 1829-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஸ்தாபிக்கப்பட்டதென்று நம் தேசம் பெருமை கொள்ளலாம். ஆனால் நெல்லைச் சீமையில் கோல்ப் மட்டையைக் கையால் தொட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அதனால் இந்த வலி நம்மை அணுகாது என்று எண்ணிவிட வேண்டாம். இது வருவதற்கு மட்டையும் பந்தும் அவசியமில்லை. ஓயாமல் உழைக்கும் கை ஒன்று இருந்தால் போதும்.

முழங்கையில், விலாவை ஒட்டிய பக்கத்தில், எலும்பு முண்டு ஒன்று தட்டுப்படும். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மடக்குவது, உள்ளங்கை தரையை நோக்கும்படி முன்கையைத் திருப்புவது, விரல்களை இறுக்கிப் பிடிப்பது ஆகிய காரியங்களைச் செய்யும் தசைகளிற் பல, இம்முண்டிலேதான் பற்றிக்கொண்டிருக்கின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற பகுதிக்குத் தசைநாண் என்று பெயர். ஒரே இழுப்பு நாள்தோறும் ஆயிரம் தடவை நிகழுமானால், அந்நாணின் நுண்ணிய இழைகள் நைந்து போகின்றன. தேகம் அவற்றைச் செப்பனிட்டு முடிப்பதற்குள் மறுநாள் வேலை தொடங்கிவிடுகிறது. வெகு காலம் வரையில் வைத்தியர்கள் இதனை வெறும் அழற்சி என்றே கருதினார்கள். நாட்பட்ட வலியில் இழைகள் சிதைந்து ஒழுங்கு கெடுவதே முக்கியம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியை விசாரிக்கும்போது, அவர் செய்யும் தொழில் யாது என்பதையும் வைத்தியர் கேட்டறிய வேண்டும் என்பது அப்பெரியாரின் உபதேசம். அந்தக் கேள்வியைத் தாமிரபரணிக் கரையில் கேட்டுப் பார்ப்போம். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையைக் கத்தரித்து, தூளை இட்டு, சுருட்டி, நூலால் கட்டுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலிக் கணக்கு. பத்தமடையில் கோரையை மெல்லிய இழைகளாகக் கீறி, ஆற்று நீரில் ஊறவைத்து, பட்டுப்போல் மிருதுவான பாய் நெய்கிறார்கள். திருநெல்வேலியில் கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் திரண்டு அல்வாவாகும் வரையில் ஒரு கை ஓயாமல் கிண்டிக்கொண்டிருக்கிறது. நம் வீடுகளிலோ தேங்காய் துருவுவதும் நனைந்த துணியைப் பிழிவதும் நாள் தவறாத வேலைகள். இவை அனைத்தும் வெவ்வேறு தொழில்களே ஆயினும், கடைசியில் பாரம் வந்து விழுகிற இடங்களில் அந்த எலும்பு முண்டும் ஒன்று.

அடையாளங்கள்

முண்டின் மேலோ, அதற்குச் சற்றுக் கீழோ அழுத்தினால் வலிக்கும். குடத்தைத் தூக்கும்போதும், கதவுக் குமிழைத் திருகும்போதும், ஒருவர் கையைப் பற்றிக் குலுக்கும்போதும் வலி முன்கை வழியே இறங்கும். காலையில் முழங்கை விறைத்திருக்கும். பிடியின் வலு குறையும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இது அதிகம். முண்டின் பின்புறமாக ஒரு நரம்பு ஓடுகிறது. அங்கே இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல் துள்ளுவது எல்லோருக்கும் அநுபவமே. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போனால், அந்நரம்பும் துன்பப்படுகிறது என்று அறிய வேண்டும்.

சிகிச்சை

வலி கண்டவுடன் நம்மவர்கள் இரண்டில் ஒன்று செய்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். அல்லது கையைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். இரண்டும் சரியல்ல. முன்னதால் நாண் மேலும் நைகிறது. பின்னதால் தசை சோர்ந்து, மீண்டும் வேலை தொடங்கியதும் வலி திரும்புகிறது. நைந்த நாணுக்கு வேண்டியது, அளவறிந்து சிறிது சிறிதாக ஏற்றப்படும் பாரம். பிஸியோதெரபி எனப்படும் இயன்முறை வைத்தியத்தின் உயிர்நிலை இதுவே.

முதலில் வலியைத் தூண்டும் வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வைப்பது வலியைத் தணிக்கும். பிறகு கையை முன்னே நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்க வைத்து, மறு கையால் விரல்களைக் கீழ்ப்புறமாக மெல்ல வளைத்து, இருபது முப்பது விநாடி நிறுத்த வேண்டும்; மூன்று தடவை போதும்.

அடுத்தது வலுவூட்டும் பயிற்சி. முன்கையை மேஜை மேல் கிடத்தி, உள்ளங்கை மேல்நோக்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கும்படி அமர்ந்து, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக்கொள்க. மறு கையின் உதவியால் மணிக்கட்டை உயர்த்தி, உதவியின்றி, ஐந்து எண்ணுவதற்குள் மெதுவாக இறக்குக. பத்துத் தடவை கொண்ட மூன்று சுற்றுகள், இடையே ஓய்வுடன் செய்யலாம். இலேசான வலி பொறுக்கத் தக்கது. மறுநாள் காலையில் வலி மிகுந்தால் பாரத்தைக் குறைக்க வேண்டும். பெரும்பாலோருக்குச் சஸ்திர சிகிச்சை இன்றியே சில மாதங்களில் குணம் உண்டாகும். பொறுமைதான் பத்தியம். ஸ்டிராய்டு ஊசி சில வாரங்களுக்குச் சுகம் தரும். ஆனால் நெடுங்காலப் பலனை அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. எண்ணெய் தடவி மெல்ல நீவுவதில் குற்றமில்லை; சுளுக்கு என்று எண்ணி முண்டின் பின்புறத்தை முரட்டுத்தனமாக உருவிவிடுவது நரம்புக்கு ஆகாது.

கீழே விழுந்தபின் வீங்கினாலும், சுரத்துடன் மூட்டு சிவந்தாலும், கையை நீட்ட முடியாவிட்டாலும், விரல்கள் மரத்தாலும் தாமதியாமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும். பாளையங்கோட்டையில், 1965-இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. வலி கையோடு மார்பையும் பற்றினால் அது வேறு விஷயம். அக்கணமே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

'வேலையைக் குறை' என்று எழுதிவிடுவது சுலபம். ஆயிரத்துக்கு இவ்வளவென்று கூலி பெறும் ஒரு தாய்க்கு, ஒருநாள் குறைந்த பீடி அன்றைய உலையில் குறைந்த அரிசி அல்லவா? ஆகவே அவளுக்கு ஏற்ற வழியைச் சொல்ல வேண்டும். மணிக்கு ஒருமுறை சில நிமிஷம் கையை ஓய்த்து நீட்டலாம். கத்தரிக்கும் வேலையையும் கட்டும் வேலையையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். நல்ல கூர்மையுள்ள கத்தரியை உபயோகித்தால் இறுக்கம் குறையும். வீட்டிலுள்ள ஆண்மக்கள் தண்ணீர்க் குடத்தையும் துணி பிழியும் வேலையையும் ஏற்றுக்கொண்டால், அந்தக் கைக்கு மாலையிலாவது ஓய்வு கிட்டும். சுதேசிப் பாயில் படுத்து, நெல்லை அல்வாவைச் சுவைக்கும் நாம், அவற்றைச் செய்த கைகளுக்கும் வலி உண்டு என்பதை நினைவில் வைத்து, அக்கம்பக்கத்தில் 'கை உளைகிறது' என்று சொல்லுகிறவர்களுக்கு இந்த எளிய பயிற்சியை எடுத்துச் சொல்லுவோமாக.