நிறம் பார்க்கும் கேமரா, பருவம் பார்க்கும் விரல்

விடிந்தும் விடியாமலும் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறிவிடுகின்றன. எல்லை தாண்டி இடுக்கித் தோட்டங்களில் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களில் பெண்களே அதிகம். இந்த வேலைக்கு மட்டும் இன்னும் இயந்திரம் வந்து சேரவில்லை.

காரணம் செடியிலேயே இருக்கிறது. தூரை ஒட்டிப் படரும் ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்தே இருக்கும். உள்ளே விதை கறுத்து, வெளியே தோல் பச்சையாக நிற்கும் ‘கரிங்காய்’ பருவத்தில்தான் கிள்ள வேண்டும். பிஞ்சைக் கிள்ளினால் காய்ந்ததும் சுருங்கும். பழுக்கவிட்டால் உலர்த்தும்போது வெடிக்கும். செடியடியில் குனிந்து, இலைமறைவில் தடவியே பருவம் சொல்கிற விரல்கள் அவர்களுடையவை.

பறித்த காய் உலர்த்தும் ‘ஸ்டோருக்கு’ வந்தபின் கருவியின் கை ஓங்குகிறது. சுமார் ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால்தான் ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். சூடு 45 முதல் 55 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஏறினால் பச்சை நிறம் போய்விடும். விறகடுப்பருகே ஆள் விடிய விடிய விழித்திருந்து பார்த்த வேலையை, வெப்பமானியும் விசிறியும் உள்ள டிரையர் பிசகாமல் செய்கிறது. இதில் மனிதர் தோற்றதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. புகையும் தூக்கமின்மையும் யாருக்கும் வேண்டாம்.

அடுத்தது தரம் பிரிப்பு. 8, 7, 6 மில்லிமீட்டர் சல்லடைகள் பருமனைப் பிரித்துவிடும். நிறத்துக்குக் கலர் சார்ட்டர்: சரிவில் விழும் ஒவ்வொரு காயையும் கேமரா பார்க்கும், வெளுத்ததைக் காற்று பீய்ச்சி ஒதுக்கும். ஆனால் எந்தப் பச்சை நல்ல பச்சை என்று அதற்குச் சொல்லிவைப்பது மனிதர்தான். மழைக்காலக் காய்க்கும் வெயில்காலக் காய்க்கும் அளவை மாற்றியாக வேண்டும். மெல்லிய வெடிப்பு, இலைப்பேன் அரித்த சொறி, உள்ளே விதையில்லாத பொக்கு இவற்றை முறத்தில் பரப்பிப் பொறுக்கும் பெண்கள் சட்டென்று கண்டுகொள்கிறார்கள். கலர் சார்ட்டர் வாங்கும் வியாபாரிகள் அதை இயக்கும் வேலையை இவர்களுக்கே கற்றுக்கொடுக்க வேண்டும். வேறு யாருக்கு அந்தக் கண் இருக்கிறது?

ஏலமும் 2007 முதல் மின்னணு முறைக்கு வந்துவிட்டது. நறுமணப் பொருள் வாரியத்தின் போடி, புற்றடி மையங்களில் வியாபாரிகள் கணினி முன் அமர்ந்து விலை கேட்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரிக் காய் அவர்கள் கைக்கு வருகிறது. அதை உருட்டி, உடைத்து, முகர்ந்த பிறகே பொத்தானை அழுத்துகிறார்கள்.