இமயமலைப் பயணத்தில் ஓய்வு நாளுக்குத்தான் காசு

வைணவர்கள் போற்றும் 108 திவ்விய தேசங்களில் முதலாவது திருவரங்கம். அதே வரிசையில் வரும் சாளக்கிராமம், முக்திநாத் என்ற பெயரில் நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லாத திருச்சியிலிருந்து அங்கே போக ஆசைப்படுபவர்கள் ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் மட்டுமல்ல. தென்னூரிலும் தில்லைநகரிலும் இருக்கும் இளைஞர்களுக்கு, அந்தக் கோயிலுக்கு மேலே 5,416 மீட்டரில் உள்ள தோரங் லா கணவாயைப் பல நாள் நடந்து கடக்கும் அன்னபூர்ணா சுற்றுப்பாதை ஒரு கனவு. இப்படிப்பட்ட பயணங்களின் விளம்பரத்தில் உயரமும் நாள் கணக்கும்தான் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கவேண்டியவை வேறு இரண்டு: மேலே ஏறாமல் தங்கும் ஒரு நாள், ‘போதும், திரும்புவோம்’ என்று சொல்ல அதிகாரமுள்ள ஒரு வழிகாட்டி.

தங்கும் நாள் ஏன் வேண்டும் என்பதற்கு உடம்பே சாட்சி. தோரங் லாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. உடம்பு வேகமாக மூச்சுவிட்டு ஈடுகட்டப் பார்க்கும். அதனால் ரத்தத்தின் அமில, கார நிலை மாறும். அதைச் சிறுநீரகம் சரிசெய்யச் சில நாட்கள் பிடிக்கும். இந்த வேலையை அவசரப்படுத்த முடியாது. அதனால்தான் 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்கிவிட வேண்டும் என்று மலை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அன்னபூர்ணா பாதையில் நடப்பவர்கள் 3,540 மீட்டரில் உள்ள மனாங் ஊரில் இரண்டு இரவு தங்குவது இதற்காகத்தான். மீறினால் முதலில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும் அல்லது மூளை வீங்கும். தேர்ந்த வழிகாட்டி, சந்தேகப்படும் ஆளை ஒரு குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்வார். தள்ளாடினால் பேச்சே கிடையாது, இரவானாலும் உடனே கீழே இறக்கிவிட வேண்டும்.

தினமும் மலைக்கோட்டைப் படியை ஏறி இறங்கிப் பழகியவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நல்ல பயிற்சிதான், முழங்காலும் தொடையும் உறுதிப்படும், மூச்சு சீராகும். ஆனால் திருச்சியில் எத்தனை படி ஏறினாலும் உடம்பு குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகாது. உண்மையில் திடகாத்திரமான ஆளுக்குத்தான் கூடுதல் ஆபத்து. வேகமாக ஏற முடிகிறது என்பதாலேயே அவர் ஏறிவிடுகிறார். நடக்கவே நடக்காத யாத்ரிகருக்கும் இது பொருந்தும். சுமார் 800 மீட்டரில் உள்ள பொக்காராவிலிருந்து ஜீப்பில் ஒரே மூச்சாக முக்திநாத் போகும் அறுபது வயதுக்காரர், எந்த மலையேற்றக்காரரையும்விட வேகமாக உயரத்துக்குப் போகிறார். வழியில் ஓர் இரவு தங்கிப் போவது அவருக்கும் நல்லது.

இரண்டாவது கேள்வி கனமானது: வழிகாட்டி இருந்தும் சாகிறார்களே? உண்மை. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம், இரண்டே நாளில் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் வழிகாட்டிகளும் சுமைதூக்குபவர்களும் உண்டு. 2024 ஜூனில் உத்தராகண்டின் சகஸ்திர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன குழு பனிப்புயலில் சிக்கியது. உள்ளூர் வழிகாட்டிகள் உடனிருந்தும் ஒன்பது பேர் இறந்தார்கள். பாதை தெரிந்த ஆள் கூட இருந்தால் மட்டும் போதாது என்பதைத்தான் இவை காட்டுகின்றன. வானிலைச் செய்தி அவரை எட்ட வேண்டும், அதைக் கேட்டுக் குழுவை நிறுத்தும் அதிகாரமும் அவர் கையில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு மலையேற்றக்காரர்களுக்கு வழிகாட்டி கட்டாயம் என்று நேபாளம் அறிவித்தது. அதிகாரத்தைச் சட்டத்தால் மட்டும் கொடுத்துவிட முடியாது. கணவாயைக் கடந்தால் கைநிறைய அன்பளிப்பு, திரும்பினால் முணுமுணுப்பு என்று வாடிக்கையாளர்கள் நடந்துகொண்டால், குடும்பம் நடத்தவேண்டிய வழிகாட்டி எதைத் தேர்ந்தெடுப்பார்? கணவாய் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அன்பளிப்பு ஒன்றுதான் என்று முதல் நாளே சொல்லிவிடுவது, அவருக்கும் நமக்கும் பாதுகாப்பு.

லீவு கிடைக்காதே என்பது அடுத்த நியாயம். நேபாள எல்லைக்கு அருகிலுள்ள கோரக்பூருக்கு ரயிலில் போய் வருவதற்கே பல நாள் போய்விடும் என்பது மெய். ஆனால் நாள் குறைவாக இருந்தால் குறைக்கவேண்டியது உயரத்தைத்தான். 3,000 மீட்டரைத் தாண்டாத பள்ளத்தாக்குகளும் காடுகளும் இமயத்தில் நிறைய உண்டு. அறுபது நாளுக்கு முன்னால் எடுத்த திரும்பும் டிக்கெட்டுக்காக, பனி கொட்டும் காலையில் கணவாய்க்குப் புறப்படும் நிலை யாருக்கும் வரக் கூடாது. டிக்கெட்டைப் போடும்போதே இரண்டு நாள் தள்ளிப் போடுவது தென்னூரிலேயே செய்யக்கூடிய உயிர்க்காப்பு. இமயத்துக்கு முன் நம் ஊர் மலைகளில் பழகிப் பார்க்கலாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகு, தமிழகத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் பயிற்சிபெற்ற உள்ளூர்க்காரர்கள் அழைத்துப் போகும் நாற்பது பாதைகளை வனத்துறை திறந்தது. இமயம் போக நினைப்பவர்கள் முதலில் வழிகாட்டியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கப் பழக இவை நல்ல இடங்கள்.

பாதியில் திரும்புவது தோல்வி என்ற எண்ணம்தான் எல்லாவற்றிலும் பெரிய தடை. நம் மரபு அப்படிச் சொல்லவில்லை. கயிலைக்குக் கால் தேய நடந்து, தவழ்ந்தும் முடியாமல் கிடந்த அப்பரைத் திரும்பச் சொன்னவர் இறைவனே என்கிறது பெரியபுராணம். அவர் கயிலைக் காட்சி கண்டதாகச் சொல்லும் திருவையாறு, திருச்சியிலிருந்து போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆடி அமாவாசைதோறும் அதைக் கொண்டாடுகிறோம். திரும்பி வந்தவரைக் கொண்டாடத் தெரிந்த ஊர்க்காரர்கள், திரும்பச் சொல்லும் வழிகாட்டியையும் மதிக்க வேண்டும். அடுத்த முறை பயண ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்: ஓய்வு நாள் எத்தனை? வானிலை கெட்டால் கூடுதல் நாள் உண்டா? திரும்பும் முடிவை யார் எடுப்பார்? நேரான பதில் வராவிட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.